பின்வாங்கும் கடமையும் தற்காப்புரிமையும்: யாழ்ப்பாணக் கிராம அதிகாரத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

தாக்க வருபவனை நின்ற இடத்தில் நின்று எதிர்க்க ஒருவனுக்கு உரிமை உண்டா, அன்றி விலகிச் செல்ல வழியுள்ளவரை அவன் விலகியே செல்லவேண்டுமா என்னும் வினா சட்ட அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. சட்ட மாணவர் இதனை ஒரு கோட்பாட்டு வினாவாகக் கற்பர். ஆயினும் “விலகு” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, விலகவேண்டியவராக யார் கருதப்பட்டனர் என்று கேட்கத் தொடங்கியதும் அது சமூக வரலாற்று வினாவாகிவிடுகின்றது. இவ்வினாவை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராம அதிகார அமைப்போடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிராமத்தை மனத்திற் கொள்வது நலம். கொழும்புத்துறை யாழ்ப்பாண நகருக்குத் தென்கிழக்கே, பாசையூருக்கும் அரியாலைக்கும் இடையில் அமைந்த ஊர். தெற்கே பரவைக்கடல்; அக்கடலுக்கு அப்பால் பூநகரி. கடற்றொழிலாளரும் தோட்டச் செய்கையாளரும் அருகருகே வாழும் ஊர் இது. யோகர் சுவாமிகள் 1964 இல் மறையும்வரை வாழ்ந்த இடமாகவும் பலரால் அறியப்பட்டது. இன்று மாநகர சபை எல்லைக்குள் அடங்கிவிட்டது. இவ்வூர்க் கரையில் ஒருவன் நிற்கிறான் என்றும், தடியோடு மற்றொருவன் அவனை நோக்கி வருகிறான் என்றும் கற்பனை செய்வோம். பின்னே கடல், மேற்கே இரண்டு மைல் அளவில் நகரம், அங்கே பொலிசும் நீதிமன்றமும். இவன் ஓடவேண்டுமா? ஓடி எங்கே போகவேண்டும்? போன இடத்தில் அவனுக்குக் காவல் கிடைக்குமா? சட்டத்தின் வரலாறு முழுவதும் இம்மூன்று வினாக்களுள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

முதலில் ஆங்கிலச் சட்டத்தை நோக்குவோம். இடைக்கால இங்கிலாந்தில் தன்னுயிரைக் காக்கக் கொன்றவனும் குற்றத்தினின்று முற்றாக விடுபடவில்லை. அவன் மன்னனின் மன்னிப்பைப் பெறவேண்டியிருந்தது; அவனுடைய அசையும் பொருள்கள் பறிமுதலுக்கு உரியனவாயின. இப்பறிமுதல் முறை 1828 இலேயே சட்டவாயிலாக நீக்கப்பட்டது. திடீர்ச் சண்டையிற் சிக்கிக்கொண்டவன், முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கியிருந்தால் மட்டுமே கொலையைத் தவிர்க்கமுடியாத செயலெனக் காட்டலாம் என்பது கோக், பிளாக்ஸ்ரன் முதலிய சட்ட ஆசிரியர் வகுத்துச் சொன்ன விதி. இவ்விதிக்கு அடிப்படை ஒன்றுண்டு. குடிமக்களின் உயிர் மன்னனுக்கு உரியது; வன்முறையைப் பிரயோகிக்கும் உரிமையும் மன்னனுக்கே உரியது. ஆகவே குடிமகன் தன் கையை ஓங்குமுன் தன்னால் இயன்ற அளவு விலகவேண்டும். எனினும் கொள்ளைக்காரனையும் வீடுடைப்பவனையும் எதிர்ப்பவன் விலகவேண்டியதில்லை என்னும் விலக்கும் அதே சட்டத்திற் காணப்பட்டது. தன் வீட்டுக்குள் நிற்பவன் தன் வீட்டைவிட்டு ஓடவேண்டியவன் அல்லன் என்ற கருத்தும் இதனோடு வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இவ்விதியைப் படிப்படியாகத் தளர்த்தியது. 1969 இன் ஜூலியன் வழக்கில், எதிரி ஓடியிருக்கவேண்டியதில்லை, ஆயினும் சண்டையிட விருப்பமில்லை என்பதைச் செயலாற் காட்டியிருக்கவேண்டும் என்று கூறப்பட்டது. 1985 இன் பேர்ட் வழக்கு அதனையும் தளர்த்தி, விலக விரும்பினமை ஒரு சான்று மாத்திரமே, அது தற்காப்புக்கு நிபந்தனையன்று என்று தெளிவுபடுத்தியது. இவ்வாறு பின்வாங்கும் கடமை அதன் பிறப்பிடத்திலேயே தனிவிதி என்னும் நிலையை இழந்துவிட்டது.

இலங்கையின் வரலாறு வேறு வழியிற் சென்றது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் ஆட்சியின் முதற்பகுதியிலும் குற்றவியல் விடயங்களில் உரோம ஒல்லாந்தச் சட்டமே அடிப்படையாக இருந்தது. அளவுக்கு மிஞ்சாத தற்காப்பு குற்றமன்று என்பது அச்சட்டத்தின் கொள்கை. இழிவின்றித் தப்பியோட முடிந்தவன் ஓடவேண்டுமா என்பதில் அந்நூலாசிரியரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. யாழ்ப்பாணத்துக்கெனக் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து முடித்து, பிரித்தானியர் 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் உறுதிசெய்த தேசவழமை இவ்விடயத்தில் நமக்கு வழிகாட்டுவதில்லை. அது சொத்து, முதுசம், சீதனம், ஒற்றி, விற்பனை என்பவற்றைப் பேசுகின்றது. அதனோடு அடிமைகளைப் பற்றியும் பேசுகின்றது. அடிமை நிலை சட்டத்தாற் பேணப்பட்ட ஒரு சமுதாயத்தில் ‘ஒவ்வொருவருக்கும் தன் உடலைக் காக்கும் உரிமை உண்டு’ என்ற வாக்கியத்துக்கு முழுப்பொருள் இருக்கவியலாது என்பது இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. அடிமைமுறை இலங்கையில் 1844 இலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது.

இன்று நடைமுறையிலுள்ள விதிகள் 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து வருவன. அது 1885 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் மூலம் 1860 இன் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை; அதற்கும் மூலம் மெக்கோலே தலைமையிலான ஆணைக்குழு 1837 இல் முன்வைத்த வரைவு. அவ்வாணைக்குழுவினர் தற்காப்புரிமையைச் சற்றுத் தாராளமாகவே வரைந்தனர். கொள்ளைக்கூட்டத்தின் முன் மக்கள் எதிர்ப்பின்றி அடங்கிப்போவதைக் கண்டு, அவர்களிடையே ஆண்மையுணர்வைத் தூண்டவேண்டும் என்று கருதியதாகத் தம் குறிப்பில் அவர்கள் விளக்கினர். ஆட்சிக்கு உட்பட்ட மக்களை ஆயுதமின்றி வைத்திருந்த ஏகாதிபத்தியம், அம்மக்களுக்கு வீரமில்லை என்று குறைகூறியமை வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று. எவ்வாறாயினும், சுவர்வரை பின்வாங்கும் கடமை இக்கோவையில் எங்கும் இடம்பெறவில்லை.

அதனிடத்தில் வேறொரு கடமை வைக்கப்பட்டது. இலங்கைக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தனியார் தற்காப்புரிமையை வகுக்கின்றன. 90 ஆம் பிரிவு தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றது. 92 ஆம் பிரிவு அதற்கு எல்லை இடுகின்றது. பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்குமாயின் தற்காப்புரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதிலும் கூடிய தீங்கு செய்தலாகாது. பதவியின் பெயரால் நல்லெண்ணத்துடன் செயற்படும் பகிரங்க ஊழியருக்கு எதிராக, உயிர்ச்சேதமோ பாரதூரமான காயமோ விளையுமென்ற நியாயமான அச்சம் இல்லாவிடத்து, இவ்வுரிமை இல்லை. எல்லையை மீறி நல்லெண்ணத்துடன் கொன்றவனின் செயல் 294 ஆம் பிரிவின் விலக்கினால் கொலையாகாது, குற்றமான ஆட்கொலையாகத் தாழும்.

ஆங்கிலச் சட்டம் ‘சுவர்வரை செல்’ என்றது. எமது கோவை ‘அதிகாரியிடம் செல்’ என்றது. இரண்டும் வெவ்வேறு கடமைகள். சுவர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாற் காணலாம். அதிகாரி யார், அவர் யாருடைய ஆள் என்பதைக் கண்ணாற் காணமுடியாது. ஆகவே 92 ஆம் பிரிவின் நியாயம் அதன் சொற்களில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. அச்சொற்கள் சுட்டும் அதிகார அமைப்பின் தன்மையிலேயே அது தங்கியிருந்தது.

1885 இல் யாழ்ப்பாணக் கிராமமொன்றில் ‘பொது அதிகாரி’ என்போர் யாவர்? 1865 இன் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் பின்னர் ஒழுங்கமைக்கப்பட்ட பொலிஸ் படை பெரும்பாலும் நகரங்களையே சார்ந்து நின்றது. கிராமப்புற அமைதி தலைமைக்காரர் கையில் விடப்பட்டது. மணியகாரர், உடையார், விதானை என்ற வரிசையில் அமைந்த இவ்வமைப்பு அரசாங்க அதிபரின் கீழ் இயங்கியது. 1829 முதல் 1867 வரை டைக், 1869 முதல் 1896 வரை துவைனம் என இருவரே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். இவ்வளவு நீண்ட தனியாட்சி, உள்ளூர்த் தலைமைக்காரரின் துணையின்றி நடைபெற்றிருக்க இயலாது. வரி, வழி, காணி, குற்றம் ஆகிய யாவும் அவர்கள் ஊடாகவே மேலே சென்றன. இப்பதவிகளுக்குப் பெரும்பாலும் நிலவுடைமை பெற்ற வேளாளக் குடும்பத்தினரே நியமிக்கப்பட்டனர் என்பது யாழ்ப்பாணச் சமூகத்தை ஆராய்ந்தோர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை.

இந்நிலையில் 92 ஆம் பிரிவு சமூகத்தின் இருபகுதியினருக்கு இருவேறு சட்டங்களாயிற்று. எல்லைக் கதியாலைப் பெயர்த்து அயலவன் வளவுக்குள் நட்டவனுக்கும் வளவுக்காரனுக்கும் இடையில் எழும் வேலிச் சண்டையை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே சாதியினர், ஒத்த வசதியுள்ளவர் எனின், விதானையிடம் முறையிடு என்பது நல்ல அறிவுரையே. வேலி ஓடிப்போவதில்லை, நேரம் உண்டு, அரிவாளை எடுத்தவன் உரிமையை இழக்கிறான். ஆனால் குடியிருக்கும் காணியும் பிறருடையது, குடிசையும் பிறர் தயவால் நிற்பது என்ற நிலையிலுள்ளவன், தன்னைத் தாக்க வருபவனின் உறவினரான விதானையிடம் செல்லவேண்டும் என்றால், அங்கே ‘பாதுகாப்பை நாடுதல்’ என்ற சொற்றொடரின் பொருள் யாது? கொழும்புத்துறைக்கும் நகரத்துக்கும் இடையில் இரண்டு மைல் என்றோம். அதிகாரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தை மைற்கல் நாட்டி அளக்கமுடியாது.

சட்டத்தில் இல்லாத பின்வாங்கும் கடமை வழக்கத்தில் இருந்தது என்பதையே இங்கு வற்புறுத்த விரும்புகின்றோம். தெருவில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்றல், தோளிலிருந்த சால்வையை எடுத்தல், பொதுக்கிணற்றில் அள்ளாமல் யாரும் அள்ளி ஊற்றும்வரை காத்திருத்தல், பள்ளியில் வாங்கில் இருக்காமல் நிலத்தில் இருத்தல், தேநீர்க் கடையில் வெளியே நின்று புறம்பான பாத்திரத்தில் அருந்துதல், கோயில் வாயிலுக்கு அப்பாற் செல்லாதிருத்தல் ஆகிய யாவும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் அன்றாடம் சுமத்தப்பட்ட பின்வாங்கல்களே. இங்கிலாந்தில் இக்கடமை சண்டை மூண்டபின் தொடங்கிற்று. இங்கே அது பிறப்போடு தொடங்கிற்று. விலக மறுத்தலே வலுச்சண்டைக்கு இழுத்தலாகக் கருதப்பட்டது. இதனாலேயே தாக்கியவர் தாமே தற்காத்தவர் எனவும், தாக்கப்பட்டவர் வலியச் சென்றவர் எனவும் கூறிக்கொள்ள இடமுண்டாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் சில இதனை விளக்குவன. 1929 இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டுமெனப் பணிக்கப்பட்டதும் எதிர்ப்புக் கிளம்பிற்று. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. 1944 இல் வில்லூன்றி மயானத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பிணம் சுடச் சென்றபோது அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு ஓர் உயிர் பறிபோயிற்று. துப்பாக்கி வைத்திருக்க 1916 இன் 33 ஆம் இலக்கச் சுடுபடைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். அவ்வனுமதி எவ்வகையினர்க்கு எளிதிற் கிட்டியிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களிற் சாதியின் பெயரால் தடைசெய்வதைக் குற்றமாக்கியது. எனினும் சட்டம் வந்தபின்னரும் கடையும் கோயிலும் திறக்கவில்லை.

1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானை, நிச்சாமம் முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசத்தைத் தொடர்ந்து குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது அம்மக்கள் தம் குடியிருப்புகளைத் தாமே காக்க முற்பட்டனர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. இவ்வியக்கத்தில் முன்னின்ற எழுத்தாளர் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசித்தோர் இக்காலத்தின் உணர்வை அறிவர். அக்காலத்தில் இவ்வெதிர்ப்பைச் சட்டமீறல் என்று கண்டித்தவர் பலர். ஆனால் கோவையின் 96 ஆம் பிரிவை அவர்கள் நோக்கியிருப்பாராயின் தயங்கியிருப்பர். மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ தீவைப்பவனுக்கு எதிராக உயிர்ச்சேதம் விளைவிக்கும் அளவுக்கும் தற்காப்புரிமை செல்லும் என்று அப்பிரிவு கூறுகின்றது. மாளிகை என்றும் குடிசை என்றும் அது வேறுபாடு காட்டவில்லை. 93 ஆம் பிரிவோ, பொது அதிகாரிகளை நாடித் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாதென அஞ்சத்தக்க நிலையில் ஒருவனை அடைத்துவைக்க முயலும் தாக்குதலையும் உயிர்ச்சேதம்வரை செல்லும் உரிமைக்குரிய தாக்குதல்களுள் ஒன்றாக வைக்கின்றது. அதிகாரம் எட்டாத நிலை ஒன்று உண்டு என்பதைச் சட்டமே அறிந்திருந்தது. அந்நிலை தூரத்தினால் மாத்திரமன்றிச் சாதியினாலும் உண்டாகலாம் என்பதையே அது அறிந்திருக்கவில்லை.

உரிமை உண்டென்பது வேறு, அதனை நிறுவுதல் வேறு. 1895 இன் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு, பொது விலக்கொன்றினுள் தன் செயல் அடங்கும் என்பதை நிறுவும் பொறுப்பை எதிரிமேல் வைக்கின்றது. 1935 இன் வூல்மிங்டன் தீர்ப்பின் பின்னர் இங்கிலாந்தில் ஐயத்தின் பயன் எதிரிக்கே செல்லும் என்ற கொள்கை உறுதிப்பட்டது. ஆயினும் இலங்கைக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1942 இன் சந்திரசேகர வழக்கில் அக்கொள்கை இங்கு 105 ஆம் பிரிவை மீறிச் செல்லாது எனத் தீர்த்தது. இலங்கையிலிருந்து சென்ற ஜயசேன வழக்கில் கோமறை மன்றும் அதனையே ஏற்றது. 1970 ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான அத்தீர்ப்பை எழுதியவர் டெவ்லின் பிரபு. எனவே, தற்காத்தேன் என்பவன் ஐயத்தை எழுப்பினாற் போதாது. நிகழ்தகவுச் சமநிலையில் அதனை நிறுவவேண்டும். இதன் விளைவைக் கிராமத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒழுங்கையில் நடந்த சண்டைக்குச் சாட்சி யார்? அயலவர். அயலவர் எவருடைய காணியிற் கூலிக்கு நிற்கின்றனர்? சான்றின் பாரம் ஏட்டில் அனைவர்க்கும் ஒன்றே. அதனைச் சுமக்கும் தோள்கள் ஒன்றல்ல.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 92 ஆம் பிரிவின் நிபந்தனையை நீக்கிவிட்டால் எளியோர்க்கு நன்மை விளையாதா? விளையாது என்பதையே பிறநாட்டு அனுபவம் காட்டுகின்றது. அமெரிக்காவிற் பல மாநிலங்கள் பின்வாங்கும் கடமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைவிட்டன. 1921 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஹோம்ஸ் நீதியரசர், ஓங்கிய கத்தியின் முன் நிற்பவனிடம் நிதானமான ஆராய்ச்சியை எதிர்பார்க்கலாகாது என்ற கருத்தில் எழுதினார். அது நியாயமானதே. ஆனால் 2005 இல் புளோரிடா மாநிலம் ‘நின்ற இடத்தில் நில்’ என்னும் கொள்கையைச் சட்டமாக்கிய பின்னர், 2012 இல் அம்மாநிலத்தின் சான்ஃபோர்ட் நகரில் ஆயுதமற்ற பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன் சுட்டுக்கொல்லப்பட்டான். சுட்டவர் தற்காப்பெனக் கூறி அடுத்த ஆண்டில் விடுதலையானார். அவருடைய வழக்குரைஞர் புதிய விதியைத் தனியாக வற்புறுத்தவில்லை எனினும், யூரிக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தலில் அவ்விதி இடம்பெற்றது. யார் நிற்கலாம், யாரைக் கண்டு அஞ்சலாம் என்பதை இனப்பாகுபாடு முன்னரே தீர்மானித்துவிட்ட சமுதாயத்தில், நிற்கும் உரிமையும் வலியோர் பக்கமே சாயும். அதிகாரியை நாடும் கடமையை வெறுமனே நீக்கினால் யாழ்ப்பாணத்தில் அதன் பயனை முதலிற் பெற்றிருப்போர் துப்பாக்கி வைத்திருந்தோரே ஆவர்.

நீக்குவதல்ல, அதனை மனிதரின் உண்மை நிலையில் வைத்து வாசிப்பதே வழி. இதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1952 ஆம் ஆண்டு அம்ஜத்கான் தீர்ப்பு நல்ல முன்மாதிரி. 1950 இல் கட்னி நகரில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தில், பக்கத்திலிருந்த சகோதரரின் கடையைச் சூறையாடிய கும்பல் தன் கதவையும் தட்டியபோது அவர் சுட்டார், ஒருவர் இறந்தார். கீழ்நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. விவியன் போஸ் நீதியரசர் எழுதிய தீர்ப்பு அவரை விடுவித்தது. கதவு உடையும்வரை அவர் காத்திருக்கவேண்டியதில்லை. அத்தகைய நிலையில் நிற்பவனின் செயலை மிக நுண்ணிய தராசில் நிறுத்தல் தகாது என்பதே அதன் சாரம். சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவர், கும்பலின் முன், காவல் வந்துசேராத வேளையில் நின்ற நிலையை அந்நீதிமன்றம் சூழலோடு சேர்த்துக் கண்டது. இந்தியாவில் 2024 யூலை முதல் பழைய கோவைக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும், இலங்கையின் பழைய கோவையிலும், அதிகாரிகளை நாட நேரம் உண்டா என்னும் நிபந்தனை மாற்றமின்றி நிற்கின்றது.

கிராமத் தலைமைக்காரர் முறை 1963 இல் ஒழிக்கப்பட்டுக் கிராமசேவகர் முறை ஏற்படுத்தப்பட்டது. பொலிஸ் நிலையங்கள் பெருகின. ஆயினும் அதிகாரம் யாருடையது என்னும் வினா அத்தோடு மறையவில்லை. 1981 மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாண நகரில் வெறியாட்டம் ஆடிப் பொதுநூலகத்தை எரித்தோருள், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிசாரும் இருந்தனர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்டது. முன்னர் ஒடுக்கப்பட்ட சாதியினர் தனித்து அனுபவித்ததை அவ்விரவுகளில் நகரத்தார் அனைவரும் அனுபவித்தனர்: 92 ஆம் பிரிவு சுட்டிய திசையிலிருந்தே தீ வந்தது. தம் ஊரின் எளியோர் அதிகாரியின் வாசலில் நின்று திரும்பிய காலத்தில் அதனைச் சட்டவினாவாகக் கருதாதோர், அன்று அவ்வினாவை உணர்ந்தனர் எனலாம். இவ்விரு அனுபவங்களையும் ஒன்றாக வைத்து நோக்கும் பழக்கம் நமது வரலாற்றெழுத்தில் இன்னும் வேரூன்றவில்லை.

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பின்வாங்கும் கடமை எமது சட்டத்தில் என்றும் எழுதப்படவில்லை. அது வழக்கத்தில் ஒரு பகுதியினர்மேல் மட்டும் சுமத்தப்பட்டது. சட்டம் எழுதியதோ அதிகாரியை நாடும் கடமை. அது அனைவர்க்கும் பொதுவாகச் சொல்லப்பட்டு, அதிகாரியின் நடுநிலையை முன்னரே உண்டென எடுத்துக்கொண்டது. தற்காப்பு வழக்கொன்றில் நீதிமன்று ‘நேரம் இருந்ததா’ என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. ‘அவன் நாடிச் சென்றிருந்தால் கதவு திறந்திருக்குமா’ என்றும் கேட்கவேண்டும். கடலை முதுகிற் கொண்டு நிற்பவனை நோக்கி ‘நீ ஏன் ஓடவில்லை’ என்று கேட்கும் உரிமை, ஓடிவந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட அரசுக்கே உண்டு.